இயந்திரம் ஏற்காத முகம்

செல்விக் கண்ணு,

உன் மகள் படுத்திருக்கிறாள். இன்றைக்கு உனக்குச் சொல்ல என்னிடம் உள்ள நல்ல சேதி இதுதான். ஞாயிற்றுக்கிழமை வரை அவளால் படுக்கக்கூட முடியவில்லை.

அன்று காலை சமையலறையிலிருந்து வந்து பார்த்தேன். யாழினி நாற்காலியில் உட்கார்ந்து, இஸ்திரி மேசைமேல் தலையணையைப் போட்டு அதன்மேல் கவிழ்ந்திருந்தாள். தூங்குகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அந்த உட்காரும் விதம் எனக்கு அடையாளம் தெரிந்தது. பதினோரு வருடத்துக்கு முன்னால் பிள்ளைப்பாக்கம் வீட்டில் நீயும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தாய். "நெஞ்சு மேல யாரோ உக்காந்துகினு கீறாங்கக்கா. குனிஞ்சா கொஞ்சம் எறங்கிக்கறாங்க" என்றாய். நான் வாயு என்றேன்.

இந்த முறை வாயு என்று சொல்லவில்லை. ஆட்டோவில் அவள் என் தோளில் சாயவே இல்லை. முன்கம்பியைப் பிடித்துக் குனிந்தபடியே வந்தாள். கம்பெனி பஸ்கள் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. ஒவ்வொரு பஸ்ஸையும் நான் தனித்தனியாக வெறுத்தேன்.

இதயத்தைச் சுற்றியிருக்கும் உறைக்குள் நீர் கோத்து, இதயத்தை விரியவிடாமல் அழுத்திக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் மார்பெலும்புக்குக் கீழே ஊசி செலுத்தி நீரை இழுத்தார்கள். அரை மணி நேரத்தில் மூச்சு விட்டாள். ஆனால் இதயத் தசையும் வீங்கியிருக்கிறது. ரத்தத்தை வெளியே தள்ளும் பலம் பாதியாகிவிட்டது என்றார்கள். உனக்கு வந்த அதே லூபஸ், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்குகிற நோய்.

உனக்கும் நீரை எடுத்தார்கள். காசநோய் என்று மாத்திரை தந்தார்கள். வேதியியலில் முதுகலை படித்த உன் அக்கா எதிர்க்கேள்வி ஒன்று கேட்டாளா? நோயின் பெயர் உன் கடைசி வாரத்தில்தான் நமக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு நான் யார் வாய்வார்த்தையையும் நம்புவதில்லை. இரண்டு வருடத்துக்கு முன் யாழினிக்கு மூட்டுவலியும் கன்னத்தில் சிவப்பும் வந்து, சோதனையில் லூபஸ் என்று தெரிந்த நாளிலிருந்து எல்லாவற்றையும் கோப்பில் போட்டு வைத்தேன். தினமும் ஸ்டீராய்டு மாத்திரை. ஞாயிறுதோறும் காலி அட்டைகளை அவளிடம் கேட்டு வாங்கிப் பார்ப்பேன். ஒரகடத்தில் என் வேலையே அதுதான் செல்வி. காருக்குப் போகும் பாகங்களை அளந்து, அளவு தப்பியதைச் சிவப்புப் பெட்டியில் போடுவது. அட்டைகள் எப்போதும் சரியாக இருந்தன.

மாத்திரையால் உருண்டையாகியிருந்த முகமும் இந்த இரண்டு மாதத்தில் வற்றியது. முந்தைய தடவை மருத்துவர் அளவைக் கொஞ்சம் குறைத்திருந்தார். அதனால்தான் என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். "பழைய முகம் வந்துடுச்சேடி" என்று அவள் தாடையைப் பிடித்துக்கூடச் சொன்னேன். யாரையும் தொட்டுப் பேசாதவள் நான், உனக்குத் தெரியும். அவள் சிரிக்கவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை இசக்கி வந்தாள். யாழினியின் தொழிற்சாலையில் அவளோடு ஒரே லைனில் வேலை செய்கிற பெண். திருநெல்வேலிப் பக்கம், இங்கே ஹாஸ்டலில் இருக்கிறாள். ஷிப்ட் முடிந்து சீருடையோடு வந்து, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே என் பக்கத்தில் உட்கார்ந்து, வெகு நேரம் அடையாள அட்டையின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏசிராதிய பெரியம்மா. ரெண்டு மாசமா அவ அந்த மாத்திரைய ஒழுங்கா முழுங்கல. கேட்டுல இருக்க மெசினு அவ மூஞ்சிய ஏத்துக்கிடமாட்டேங்கு."

அவர்கள் தொழிற்சாலை வாசலில் முகத்தைக் காட்டினால்தான் தடுப்பு திறக்கும். அதில் இருப்பது வேலைக்குச் சேர்ந்தபோது எடுத்த படம். வீங்கிய முகத்தை இயந்திரம் ஏற்கவில்லை, சிவப்பு எரிந்தது. தினமும் காலையில் அவளை ஓரமாக நிறுத்திவிட்டு, செக்யூரிட்டி போன் செய்து, சூப்பர்வைசர் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அதுவரை லைனில் அவள் இடம் காலி. பின்னால் நிற்கிற பையன்கள் அவளுக்குப் 'பன்னு' என்று பெயர் வைத்தார்கள். ஒருவன், "மெஷினுக்கே உன்ன தெரியல, நாங்க எப்படி கண்டுக்கறது?" என்றானாம்.

புதுப் படம் எடுக்கலாம். அதற்கு ஆபீசில் காரணம் எழுதித் தர வேண்டும். காரணத்தை எழுதினால் நோய் தெரிந்துவிடும். நோய் தெரிந்தால், ஆள் அனுப்புகிற ஒப்பந்தக்காரரின் அடுத்த பட்டியலில் பெயர் இருக்காது. அப்படி யார் சொன்னார்கள் என்று இசக்கியிடம் கேட்டேன். யாரும் சொல்லவில்லை. யாரும் போய்க் கேட்கவும் இல்லை.

முதலில் பாதி மாத்திரை, பிறகு அதுவும் இல்லை. அட்டையைப் பிதுக்கி கேன்டீன் குப்பையில் போட்டுவிட்டு, காலி அட்டையை எனக்குக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள்.

"போன வாரம் கேட்டுல பச்ச எரிஞ்சிச்சு பெரியம்மா," என்றாள் இசக்கி. "நாங்க எல்லாரும் கை தட்டுனோம்."

நான் அவளை ஏசவில்லை. எந்த வாயால் ஏசுவது? அவர்கள் கைதட்டிய அதே முகத்தைப் பார்த்துத்தானே நானும் மகிழ்ந்தேன்?

இதை உனக்கு மட்டும் எழுதி மடித்து வைத்திருக்கலாம். நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் வெளியில் எழுதுகிறேன். இந்தச் சாலை நெடுக எத்தனையோ தொழிற்சாலை வாசல்கள். எங்கேயாவது இன்னொரு பெண் முகத்துக்காக இந்த மாத்திரையை நிறுத்தியிருந்தால், இன்றைக்கே தன் மருத்துவரிடம் போய்ச் சொல்லட்டும். திடீரென்று நிறுத்தக் கூடாத மருந்து அது.

யாழினியிடமிருந்து எடுத்த நீரில் கிருமி இருக்கிறதா என்று முதலில் பார்த்தார்கள். அந்தத் தாளை நான் மூன்று முறை கேட்டு வாங்கிப் படித்தேன். பிறகு மூன்று நாள், நரம்பு வழியாக ஸ்டீராய்டு, பெரிய அளவில். இன்றோடு அது முடிந்தது. மருத்துவர் என்னைவிட இளையவர். என் கேள்விகளுக்குச் சலித்துக்கொள்ளாதவர். "நீரை எடுத்தது அவசரத்துக்கு மேடம். உள்ள எரியறத இனிமேதான் அணைக்கணும்" என்றார். அதற்கு இன்னொரு மருந்து, மாதம் ஒரு முறை ஏற்றுவது. நோயை அடக்கும். கூடவே தொற்றுக்கு வழிவிடலாம், கருமுட்டையைப் பாதிக்கலாம். காப்பதற்கு ஊசி உண்டு, உறுதி இல்லை. இதயம் பழையபடி ஆகிவிடுமா என்று கேட்டேன். பலருக்கு ஆகியிருக்கிறது என்றார். பலர் எனக்கு எதற்கு செல்வி?

கையெழுத்துப் படிவத்தை என்னிடம் நீட்டினார்கள். அவளுக்கு இருபத்திரண்டு வயது, அவளிடமே கேட்கிறேன் என்று சாயங்காலப் பார்வை நேரத்தில் உள்ளே போனேன். மருந்தைப் பற்றிச் சொன்னேன். குழந்தை விஷயத்தையும் சொல்லி முடித்தேன். மாஸ்க்கை விலக்கிக்கொண்டு, "மொதல்ல நான் இருக்கேனா பாப்போம் பெரியம்மா. அப்பாலிக்கா கொழந்தைய பத்தி பேசிக்கலாம்" என்றாள். உன் பேச்சு. உன் அதே கிண்டல். நான் போய்விடலாம் என்று திரும்பினேன். அப்போதுதான் கேட்டாள்.

"மூஞ்சி திரும்பவும் வீங்குமா?"

இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வீங்கும் என்றேன். முன்னைவிட அதிகமாக வீங்கும், சில மாதமாவது இருக்கும் என்றேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பத்து நிமிடம் முடிந்தது என்று நர்ஸ் என்னை வெளியே அனுப்பிவிட்டார். படிவம் இன்னும் என் கைப்பையில் இருக்கிறது.

நாளைக் காலை மறுபடியும் ஸ்கேன். மிச்ச நீர் வடிய நெஞ்சில் வைத்திருக்கும் குழாயில் வரத்து குறைந்திருக்கிறது என்கிறார்கள். புட்டியில் உள்ள கோட்டைப் பார்த்தேன். அளப்பதே தொழிலாக உள்ள என் கண்ணுக்கு, நேற்று இருந்த இடத்துக்கும் இன்றைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பயத்தில் இருக்கிறவள் அளக்கக் கூடாதோ என்னவோ.

நீ எங்கும் இல்லை என்று எனக்குத் தெரியும். உன் திதிக்குக்கூட நான் வேண்டாவெறுப்பாகத்தான் உட்காருவேன். இருந்தும் கேட்கிறேன், செல்வி. அவள் உன்னைத் தேடி வந்தால் கதவைத் திறக்காதே. அம்மா என்று கூப்பிட்டாலும் திறக்காதே. உனக்கு இதைவிடப் பெரிய கொடுமையை நான் செய்ததில்லை, இப்போது செய்கிறேன், பொறுத்துக்கொள்.

அவள் பிழைப்பாள் என்று உனக்கு வாக்குத் தர என்னால் முடியாது. முடிந்ததைச் சொல்கிறேன். இனி காலி அட்டை கேட்க மாட்டேன். தினமும் காலையில் அவள் எதிரே தம்ளரோடு உட்கார்ந்து, அவள் விழுங்கி முடிக்கும்வரை அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் எழுந்து நடக்கிற அன்றைக்கு, அவள் சம்மதித்தால், அந்த ஆபீசுக்குக் கூடவே போவேன். யாரும் கேட்காத கேள்வியை நான் கேட்பேன். வீங்கிய முகத்தோடு அவளை நிற்கவைத்துப் புதுப் படம் எடுக்கச் சொல்வேன். மாட்டேன் என்றால் அந்த வாசலிலேயே நிற்பேன். தடுப்புக்கு இந்தப் பக்கம் அவள் தனியாக நிற்க மாட்டாள்.

கேள்வி கேட்காமல் உன்னை அனுப்பிவிட்ட அக்கா,
அவளை அனுப்ப மறுக்கும் பெரியம்மா,
தேன்மொழி