இல்லாத இடையனின் மெட்டு

அபர்டீன்,
புதன்கிழமை காலை.

அன்புள்ள ஷோனாவுக்கு அப்பா எழுதுவது. நானும் என் முழங்காலும் ஒருவரையொருவர் பொறுத்துக்கொண்டு நன்றாகவே இருக்கிறோம். ஹோபார்ட்டில் நீயும் கால்லமும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். எதையாவது விட்டுவிடுவேனோ என்ற பயத்தில் முதலில் வரிசை போட்டுக்கொள்கிறேன்:

1. வீடு, உடம்பு.
2. சனிக்கிழமை வாசிப்பில் இப்போது யார் யார்.
3. முப்பத்தேழு வருடமாக நான் சொல்லிவரும் ஒரு பொய்.
4. அது பொய் என்று இன்று உயிரோடிருப்பவர்களில் எனக்கு மட்டுமே தெரியும் என்பதால், என்ன செய்யலாம் என்று உன்னைக் கேட்பது.

கூரையில் இரண்டு கற்பலகைகள் சரிந்தன, ஆள் வந்து சரி செய்துவிட்டுப் போனான். மூன்று நாளாகக் கடலிலிருந்து மூடுபனி வந்து எதிர்வீடு தெரியவில்லை, கடற்காக்கைகளின் சத்தம் மட்டும் குறையவில்லை. சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படாதே, ஞாயிறன்று காய்ச்சும் மீன் சூப் செவ்வாய் வரை வருகிறது.

துறைமுகத்துப் பப்பில் சனிக்கிழமை பிற்பகல்கள் உனக்கு நினைவிருக்கும், மேஜைக்கடியில் உட்கார்ந்து எங்கள் காலணிகளின் கயிறுகளை ஒன்றோடொன்று முடிந்துவிடுவாய். அப்போது ஏழு பிடில், இரண்டு அக்கார்டியன், விடுப்பு வாரங்களில் கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையிலிருந்து வரும் ஒரு குழல்காரர். ஜன்னலோரம் கிழவர் குரூக்‌ஷாங்க். அவர் வில்லை உயர்த்தினால் பேச்சு நிற்கும். டாட் லைப்பர் மீன் ஏலத்திலிருந்து நேராக வருவான், அவன் அக்கார்டியனைத் திறந்தால் இசைக்கு முன்னால் மீன் வாசனைதான் வரும். அன்றைய ஆட்களில் டாடும் நானும்தான் மிச்சம். மற்ற நாற்காலிகளில் என் பழைய மாணவி மிர்ரெனும் அவள் குழுவினரும். நன்றாகவே வாசிக்கிறார்கள், கொஞ்சம் வேகம். ஆனாலும் சில சமயம் கண்ணை மூடிக்கொண்டால் ஏழு பிடிலும் கேட்கிறது.

இப்போது மூன்றாவது விஷயம். நீ பிறந்த அன்று விடியற்காலை, பேறுகால வார்டில் உன்னைக் கையில் கொடுத்தபோது எனக்குள் ஒரு மெட்டு வந்தது. மெதுவானது, இரண்டு பகுதி. மறந்துவிடும் என்று பயந்து அன்று பிற்பகல் பப்புக்குப் போய் வாசித்தேன். குரூக்‌ஷாங்க், "இது யாருகிட்டக் கேட்டதுப்பா?" என்றார். அந்தக் காலத்தில் சொந்தமாக மெட்டுப் போட்டேன் என்று ஒருவன் சொன்னால் அவனைக் கர்வி என்பார்கள். நான் வாயைத் திறந்ததும் வந்தது, ஸ்பே ஆற்றங்கரையில் வாட்டி கிராண்ட் என்றொரு இடையனிடம் கேட்டேன் என்பது. அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை. "நல்ல பழைய சரக்கு" என்று அவர் தலையாட்டினார், அதோடு என் வாய் பூட்டிக்கொண்டது. மெட்டு நாற்காலி நாற்காலியாகப் போய் ஊர் முழுவதும் பரவிவிட்டது. சமையலறையில் நான் அதை வாசித்து நீ நூறு முறை கேட்டிருப்பாய், உன்னுடையது என்று உன்னிடம்கூடச் சொல்லவில்லை. இப்போது மிர்ரென் அதை இசைத்தட்டில் சேர்க்கிறாள். திங்களன்று அட்டை அச்சுக்குப் போகிறது, இடையரின் சரியான பெயரும் ஊரும் வேண்டும் என்கிறாள். உண்மையைச் சொன்னால் இத்தனை வருடம் என்னோடு உட்கார்ந்தவர்கள் முன்னால் பொய்யன் ஆவேன். சொல்லாவிட்டால் இல்லாத ஒருவன் உன் மெட்டுக்குச் சொந்தக்காரன் ஆவான். பப்பில் என் நாற்காலியை விட்டால் எனக்குப் போக வேறு இடமும் இல்லை.

சனிக்கிழமை மாலை.

ஆஸ்திரேலியாவிலிருந்து உன் பதில் வந்துசேர நாளில்லை என்பது புதனன்று எனக்கு உறைக்கவே இல்லை, ஆகவே நானே போய்ச் சொல்லிவிட்டேன். முதல் சுற்று முடிந்ததும் எழுந்து நின்றேன், எழுந்து நின்றதே தப்பு, எல்லோரும் பார்த்தார்கள். வாட்டி கிராண்ட் என்று யாரும் இல்லை, மெட்டு என்னுடையது என்றேன். டாட் அக்கார்டியனை மடியில் மூடினான். "யோவ் வாத்தியாரே, எழுபத்தொம்பதுல அந்த ஆளு இடையன். எண்பத்தஞ்சுல படகோட்டி. போன வருஷம் கேட்டா தபால்காரன்ங்கறே. ஒரு மனுஷன் எத்தனை வேலைதான்யா பாப்பான்?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மிர்ரென் மட்டும், "சார், பேரைக் கேட்டதே நீங்களா வாயைத் திறக்கணும்னுதான். ஊரே அதை ‘ஷோனா’ன்னுதான் சொல்லுது. நீங்க இருந்தா மட்டும் பேர் சொல்லாம ஆரம்பிப்போம்" என்று அட்டையின் மாதிரியைக் காட்டினாள். மெட்டின் பெயர் போட்டிருந்தது, போட்டவர் பெயருக்கான இடம் காலியாக இருந்தது.

எப்படித் தெரியும் என்று டாடிடம் கேட்டேன். "உன் எல்லன்தான். குழந்தையைத் தூக்கிட்டு மீன் வாங்க வந்தப்பவே சொல்லிட்டா. வார்டுல நீ முனகினதை அவ கேட்டிருக்கா. ‘அவரா சொல்ற வரைக்கும் கேட்டுடாதீங்க, வெக்கத்துல பிடிலையே விட்டுடுவாரு’ன்னு எங்க எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டா. குரூக்‌ஷாங்க் கிழவர்கிட்டயும்தான்" என்றான். உன் அம்மா அதற்குப் பிறகு முப்பத்தொரு வருடம், கண்மூடும்வரை, என்னோடு ஒரே வீட்டில் இருந்தாள், ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் சமையலறையில் அதை வாசிக்கும்போது மட்டும் குழாயை மூடுவாள். பாத்திரம் கழுவி முடித்துவிட்டாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் எல்லோரும் நோய்நொடியில்லாமல் நிறைவாக இருங்கள். காரின் பிரேக்கைப் பார்க்கச் சொன்னேனே, இந்த வாரமே பார்த்துவிடு. இசைத்தட்டு வந்ததும் அனுப்புகிறேன். இன்னொன்று, மேலே நான்காவதாக எழுதியது தவறு. எனக்கு மட்டுமல்ல, ஊருக்கே தெரிந்திருக்கிறது. தெரியாமல் இருந்தவள் நீ ஒருத்திதான், அதற்கு நான்தான் காரணம், மன்னித்துக்கொள்.

உன் அன்பு
அப்பா