ஆறாம் மாத ஸ்கேன்

சத்துவாச்சாரி,
16.2.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

வள்ளி எழுதுவது. கர்த்தர் கிருபையில் நானும் குழந்தை நந்தினியும் சுகம். நீயும் ஜோதி அண்ணியும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். என் நம்பரை நீ பிளாக் பண்ணி ஆறு வருஷம் ஆச்சு. அதனால்தான் லெட்டர். கிழிச்சுப் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சுடு.

டிசம்பர்ல ஆம்பூர்லேர்ந்து வேலூர் ஆஸ்பத்திரிக்கு வந்து, இடுப்பெலும்புல மஜ்ஜை குடுத்துட்டு, என் வார்டு பக்கம் எட்டிக்கூடப் பார்க்காம போய்ட்டே. வலிச்சுதான்னு கேட்கக்கூட முடியலை. அதுலேர்ந்து எடுத்த செல்லை லேப்ல ஒரு மாசம் வளர்த்து, ஜனவரி ஒன்பதாம் தேதி என் இதயத்துல ஊசியால வெச்சாங்க. நந்தினி பிறந்ததுலேர்ந்தே என் இதயம் தளர்ந்துபோய்க் கிடக்கு. நல்ல ஆளுக்கு பம்பிங் நூத்துக்கு அறுபது இருக்கணுமாம். எனக்கு இருபத்திரண்டு.

வெச்ச செல்லு உயிரோட இருக்கான்னு எப்படித் தெரியும்னு டாக்டர் பாக்யலட்சுமியைக் கேட்டேன். செல்லுக்குள்ள துளித்துளியா இரும்பு ஏத்தித்தான் வெச்சிருக்காங்களாம். எம்.ஆர்.ஐ. ஸ்கேன்ல அந்த இடம் கறுப்பாத் தெரியும். முந்தாநாள் முதல் ஸ்கேன். நாலு கறுப்புப் புள்ளி. எனக்கும் காட்டினாங்க. ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருந்தேன்.

குடுத்தது நீ. உனக்குத் தெரியணும்னு தோணுச்சு.

உன் தங்கச்சி,
அமிர்தவள்ளி

*

ஆம்பூர்,
2.3.2024

அமிர்தவள்ளிக்கு,

லெட்டர் வந்துச்சு. ஜோதி அழுவுறா, அதுக்காகத்தான் பதில் எழுதறேன். நீ அந்த ஆளைக் கட்டிக்கினு போனது எனக்கு இன்னும் ஆறலை. மஜ்ஜை குடுத்ததால எல்லாம் சரியாப் போச்சுன்னு நெனைக்காதே.

நாலு புள்ளின்னா இன்னா அர்த்தம்? நாலு போதுமா? கறுப்பு ஜாஸ்தியானா நல்லதா, கம்மியானா நல்லதா? அடுத்த ஸ்கேன் எப்போ? அதை மட்டும் எழுது.

ஆல்வின்

*

சத்துவாச்சாரி,
15.4.2024

அன்பு அண்ணா,

உன் லெட்டரைத் தலகாணிக்கு அடியில வெச்சிருந்தேன். திட்டினாலும் உன் கையெழுத்து.

கறுப்பு அப்படியே இருந்தா நல்லதுன்னுதான் இத்தனை நாள் நெனைச்சிருந்தேன். மூணாம் மாச ஸ்கேன் வெள்ளிக்கிழமை நடந்துச்சு. குழாய்க்குள்ள படுத்தா காதுல, ஸ்கேன் எடுக்கற ஜான்சன் சாரோட குரல் வரும். "மூச்சை இழுங்கம்மா, புடிங்க, இன்னும் கொஞ்சம்." என்னால புடிக்க முடியலை. மூணு தடவை திரும்ப எடுத்தார். வெளியே வந்து அவர் முகத்தைப் பார்த்தேன். எப்பவும் "எல்லாம் ஆச்சும்மா, போய்ச் சாப்பிடுங்க"ன்னு சிரிப்பார். அன்னைக்குக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கிட்டே தலையாட்டினார்.

ஒரு புள்ளிதான் இருக்கு அண்ணா. அதுவும் மங்கல். அந்த ஒண்ணாவது உயிரோட இருக்கான்னு டாக்டரைக் கேட்டேன். அவங்க மறைக்கலை. "செல் செத்துப்போனாலும் இரும்பு கொஞ்ச நாள் அங்கேயே தங்கும். அதனால கறுப்பு தெரியறதால மட்டும் உயிரோட இருக்குன்னு சொல்ல முடியாது. ஆறாம் மாசம் பார்ப்போம்"ன்னாங்க.

அன்னையிலேர்ந்து மாடிப்படி ஏறும்போதெல்லாம் நெஞ்சுல கை வெச்சுக்கறேன். படபடன்னு அடிச்சா இருக்குதோன்னு தோணுது. மெதுவா அடிச்சா போயிடுச்சோன்னு தோணுது. இவர்கிட்ட சொல்லலை. பயப்படுவார். உன்கிட்டதான் சொல்றேன்.

வள்ளி

*

ஆம்பூர்,
24.4.2024

தங்கச்சி வள்ளிக்கு,

உன் லெட்டர் வந்த நாள்லேர்ந்து வேலை ஓடலை. நேத்து கம்பெனில ஷூவுக்குத் தோல் வெட்டறப்ப ஒரே சைஸுக்கு முப்பது ஜோடி தப்பா வெட்டிட்டேன். சூப்பர்வைசர் வாஹித் பாஷா நல்ல மனுஷன். "இன்னா ஆல்வின், உடம்பு சரியில்லையா?"ன்னு கேட்டுட்டு பேக்கிங்ல உக்கார வெச்சுட்டார்.

ஒரு விஷயம் சொல்லணும். மஜ்ஜை எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு ஃபார்ம் குடுத்தாங்க. கெமிக்கல்ல வேலை செஞ்சிருக்கியான்னு அதுல கேள்வி இருந்துச்சு. இல்லைன்னு எழுதிட்டேன். ஷூ கம்பெனிக்கு வர்றதுக்கு முன்னாடி ஏழு வருஷம் தோல் பதம் பண்ற ஷாப்ல டிரம்முக்குப் பக்கத்துல நின்னவன் நான். சுண்ணாம்பு, குரோமியம் எல்லாம் கையால அள்ளினவன். எழுதினா என்னை வேணாம்னு சொல்லிடுவாங்கன்னு பயம். வேற யாரோடதும் உனக்குப் பொருந்தலைன்னு ஜோதி சொல்லியிருந்தா.

இன்னொண்ணு. ஊசி ஏத்தறப்பகூட உன்மேல கோபமாத்தான் படுத்திருந்தேன்.

என் செல்லு கெட்ட செல்லா வள்ளி? அதனாலதான் சாவுதா? டாக்டர்கிட்ட கேளு. என் பேரைச் சொல்லியே கேளு. கேஸ் போட்டாலும் பரவால்லை.

ஆல்வின்

*

சத்துவாச்சாரி,
19.7.2024

அன்பு அண்ணா,

பதில் தாமதம், மன்னிச்சுக்கோ. நீ எழுதினதை டாக்டர்கிட்ட அப்பவே சொல்லிட்டேன். "எழுதியிருக்கணும், தப்புதான்"னாங்க. ஆனா லேப்ல வளர்த்த செல்லை ஒவ்வொரு கட்டத்துலயும் சோதிச்சுட்டுத்தான் வெச்சாங்களாம், எந்தக் குறையும் இல்லையாம். கோபம் மஜ்ஜையில ஏறாதுன்னு சொல்லிச் சிரிச்சாங்க. மனசைப் போட்டுக் குழப்பிக்காதே.

ஆறாம் மாச ஸ்கேன் முடிஞ்சுது. எல்லாம் நல்லா இருக்கு. புள்ளி இருக்க வேண்டிய இடத்துல இருக்கு. நீ நிம்மதியா வேலையைப் பாரு. இனிமே எழுதறதுக்குப் பெருசா ஒண்ணும் இருக்காது. அண்ணிக்கு என் அன்பு.

வள்ளி

*

ஆம்பூர்,
4.8.2024

அன்புத் தங்கச்சி வள்ளிக்கு,

நீ பொய் சொல்றேன்னு லெட்டரைப் படிச்சதுமே தெரிஞ்சுடுச்சு. மூச்சு புடிச்சதுலேர்ந்து ஜான்சன் சார் மூஞ்சி வரைக்கும் எழுதறவ நீ. இந்தத் தடவை ரெண்டே வரியில முடிச்சுட்டே.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுட்டு வேலூர் போனேன். நோயாளி சம்மதம் இல்லாம எதுவும் சொல்ல முடியாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. வெளியே வந்தா பெஞ்சுல உன் ஃபைலை மடியில வெச்சுக்கினு உன்னைக் கட்டினவர் உக்காந்திருந்தார். ஆறு வருஷத்துல அவ்வளோ கிட்டத்துல பார்த்ததில்லை. எழுந்து நின்னார். நீ அவர்கிட்ட மறைச்சதெல்லாம் அவருக்கு முதல்லேர்ந்தே தெரியுமாம். அது உனக்குத் தெரியக் கூடாதுன்னு ஒண்ணும் அறியாத மாதிரி இருந்திருக்கார்.

அவர்தான் சொன்னார். புள்ளி ஒண்ணுகூட இல்லை. ஆனா பம்பிங் இருபத்தொம்பதாம். செல்லு சாவறதுக்கு முன்னாடி ஏதோ நல்லது செஞ்சிருக்கலாம், அடிச்சுச் சொல்ல முடியாதுன்னாங்களாம் டாக்டர். இன்னொரு தடவை வெச்சுப் பார்க்கலாம்னு அவங்க கேட்டதுக்கு, "எங்க அண்ணனைத் திரும்பப் படுக்க வைக்காதீங்க, அவரால தாங்க முடியாது"ன்னு நீ வேணாம்னுட்டியாம். என்னைக் கேக்காம வேணாம்னு சொல்ல நீ யாரு?

உடனே உள்ளே போய் வேற ஃபார்ம் வாங்கினேன். தோல் ஷாப் ஏழு வருஷத்தையும் எழுதிட்டேன். என்னை எடுப்பாங்களா, தள்ளிடுவாங்களான்னு தெரியலை. எடுத்தாலும் அது உன் நெஞ்சுல எத்தனை நாள் நிக்கும்னு யாராலயும் சொல்ல முடியலை. சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் வேணும்னாங்க. கதவைத் திறந்து அவரைக் கூப்பிடணும். பேரைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். "மாப்ள, ஒரு நிமிஷம் வாங்க"ன்னு வந்துடுச்சு. அவர் வந்து கையெழுத்துப் போட்டார்.

அடுத்த திங்கக்கிழமை, பன்னெண்டாம் தேதி ரத்த டெஸ்ட். வெறும் வயித்துல வரச் சொல்லியிருக்காங்க. முடிஞ்சதும் நானும் ஜோதியும் உங்க வீட்டுக்கு வர்றோம். பத்து மணிக்குள்ள வந்துடுவோம். இட்லி போதும். உப்பு உனக்கு ஆகாதுன்னு மாப்ள சொன்னார், எங்களுக்கும் சட்னியில உப்பு போடாதே.

அன்புள்ள அண்ணன்,
ஆல்வின்