ஒற்றைக் கோட்டுக்குப் பயந்தவளுக்கு

இன்று காலை சுகாதார நிலையத்தில் மேசை இழுப்பறையைத் திறந்து தெர்மாமீட்டரைத் தேடினேன். கையில் சிக்கியது உன் வளையல். உன் வளைகாப்புக்கென்று திருப்போரூரில் அவசரப்பட்டு வாங்கிய இரண்டு டஜன் பச்சைக் கண்ணாடி வளையல்கள். சுற்றிய தாளைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. ஒன்றுகூட உடையவில்லை என்பதுதான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

அன்று புதுப்பட்டினம் மார்க்கெட்டில் மீன் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாய். வயிறு முந்தானையைத் தள்ளிக்கொண்டு நின்றது. ஒரே பெஞ்சில் படித்தவர்கள் நாம். கல்யாணமாகி ஐந்து வருஷமாக நீ வாங்கிய பேச்செல்லாம் எனக்குத் தெரியும். "என்னடி, விசேஷமா? வா, கர்ப்பம் பார்க்கும் கார்டில் பார்த்துவிடலாம்" என்றேன்.

நீ சிரித்தாய். "நாள் தள்ளிப் போயிகீது. ஆனா கார்டு வேணாம். எத்தினி வாட்டிடி இல்லேன்னு காட்டற ஒத்தக் கோட்டையே பாத்துகினு இருக்கறது? இந்த வாட்டி வயிறே சொல்லுது. உன் நர்சு வேலைய ஆஸ்பத்திரில வெச்சுக்கோ."

வைத்துக்கொண்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

வலது விலாவுக்குக் கீழே வலிக்கிறது என்றாய். குழந்தை உதைக்கிறது என்றேன். கால் வீங்கியது, பிள்ளைத்தாச்சிக்கு வீங்கத்தான் செய்யும் என்றேன். வயிற்றின் ஓரத்தில் மேலேறும் பச்சை நரம்புகளைக் காட்டி, "இன்னாடி இது, நண்டு காலாட்டம்?" என்று கேட்டாய். தோல் மெலிந்தால் நரம்பு தெரியும் என்றேன். முகமும் கையும் வற்றியதை மசக்கை என்று சொன்னதும் நான்தான். எனக்கும் அந்தப் பிள்ளை வேண்டியிருந்தது. ஆசை கண்ணை மறைக்கும், படித்த கண்ணையும்தான்.

கண் மஞ்சளான பிறகுதான் உன்னைச் செங்கல்பட்டுக்கு அழைத்துப் போனேன். ஸ்கேனில் வயிறு முழுக்க நீர். ஈரலிலிருந்து ரத்தம் வெளியேறும் குழாய்கள் உறைந்து அடைத்திருக்கின்றன, சின்ன வயதிலும் வரும், வேறு எதுவோ போலத் தோன்றி ஏமாற்றும் என்றார் டாக்டர். முன்பே வந்திருந்தால் அடைப்பைத் திறக்க முயன்றிருக்கலாமாம். நீ அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "புள்ள எங்கடி?" என்றாய். அதற்குப் பிறகு பத்து நாள்கூட நீ தாங்கவில்லை.

போன மாதம் நெம்மேலியிலிருந்து ஒரு தாய், கல்லூரியில் படிக்கும் மகளை இழுத்துக்கொண்டு வந்தாள். பெண்ணின் கன்னத்தில் விரல் தடம். "யாருன்னு கேளு நர்ஸம்மா, வாயத் தொறக்கமாட்டேங்கறா" என்றாள் தாய். பெண்ணைப் படுக்கவைத்தேன். உப்பிய வயிற்றின் ஓரத்தில் அதே பச்சை நரம்புகள். கார்டில் ஒற்றைக் கோடுதான் வந்தது. அன்றே ஆம்புலன்ஸில் நானும் கூட ஏறிப் போனேன். உனக்கு வந்த அதே அடைப்பு. ஆனால் நேரத்தோடு வந்துவிட்டீர்கள் என்றார்கள். நேற்று அவள் தானே நடந்து வந்தாள். பெற்றவள் அந்தக் கன்னத்தைத் தடவிக்கொண்டே நின்றாள்.

அவர்கள் போனதும் அழுதேன். இப்போதெல்லாம் வயிறு தள்ளி யார் வந்தாலும் "விசேஷமா?" என்று நான் கேட்பதில்லை. "படும்மா, பார்க்கிறேன்" என்கிறேன். உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியது அதைத்தான், அந்த மார்க்கெட்டிலேயே, மீன் கூடையை ஓரமாகத் தள்ளிவிட்டு.