மாரியக்கா கொண்டு வந்த பால்

வெள்ளி, 5 பிப்ரவரி 1988. அம்பாங்கான்.

புது வீட்டில் பால் காய்ச்சியாகிவிட்டது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்கிறார்கள். எனக்குத்தான் ராத்திரி சோறு இறங்கவில்லை.

கோலா சாவா தோட்டக் குடியிருப்பில் இருந்தவரை என் பிள்ளைகளுக்குப் பால் ஊற்றியவர் மாரியக்கா. விடியலில் கறந்து, போத்தலை ஈரத்துணியில் சுற்றி, முதல் பஸ் பிடித்து வந்திருந்தார்.

"பொங்க வைக்க நம்ம மாட்டுப் பால்தான்லா தங்கச்சி," என்று என் கையில் கொடுத்தார்.

பக்கத்தில் நின்ற நாத்தனார் மூக்கைச் சுளித்தாள். சிரம்பான் டவுனிலேயே வளர்ந்தவள். "பச்சப் பாலா அண்ணி? ஈ மொய்ச்சிருக்கும். பேசாம பெட்டிப் பால ஊத்துங்கலா."

விருந்தாளிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போத்தலை ஓரமாக வைத்துவிட்டு, கடையில் வாங்கிவைத்திருந்த பால் பெட்டியைக் கத்தரித்தேன். பால் பொங்கியபோது மாரியக்காவும் எல்லாரோடும் சேர்ந்து கைகூப்பினார். சாப்பிட்டுக் கிளம்பும்போது மட்டும், "மறக்காம காய்ச்சிடு தங்கச்சி, வெயில் தாங்காது," என்றார்.

நான் மறக்கவில்லை. நாத்தனார் போகட்டும் என்று காத்திருந்தேன். அவள் போனபோது பால் திரிந்திருந்தது. வாடை தெரியாமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டுத் தொட்டியில் கொட்டினேன்.

வீட்டுக்காரர் அந்த நேரமெல்லாம் வாசலில் வந்தவர்களைக் கவனித்துக்கொண்டிருந்தார். படுக்கும்போதுதான் கேட்டார்: "அக்கா பால்லதானே பொங்க வெச்ச?"

"ஆமா," என்றேன். அக்கா வெளியே சொல்லமாட்டார் என்ற தைரியம்தான்.

அலமாரியில் இன்னும் மூன்று பெட்டி இருக்கிறது. மாதக்கணக்கில் கெடாதாம்.