கேட்காமல் எடுத்தது

பிப்ரவரி 3, திங்கள்

இன்றும் காருக்குள் உட்கார்ந்துதான் சாப்பிட்டேன். இந்த ஆஸ்திரேலிய மில்டுரா வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஏசி போட்டால் பெட்ரோல் தண்டம், போடாவிட்டால் நான் வெந்த கிழங்கு.

மரத்தடி பெஞ்சில் இடமில்லாமல் இல்லை. முதலில் அங்கேதான் தட்டோடு போனேன். கொட்டகையில் பெட்டி அடுக்கும் லோசனா குரல் கொடுத்தாள். "ஏய், இமிக்ரேஷன் வருது! சோத்த மூடுங்கடி, அதுக்கும் விசா கேப்பா!" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் யாரும் நகர்ந்து உட்காரவில்லை. நின்றுகொண்டே எவ்வளவு நேரம் சிரிப்பது?

போன வருஷம் முதலாளி ராக்கோ என்ன சொல்லி இந்த வேலையைக் கொடுத்தார்? "உங்க ஃபிஜி ஆளுங்க உங்கிட்டப் பொய் சொல்ல மாட்டாங்க, லைசானி." கொட்டகையில் திராட்சைப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவளைத் தூக்கி மேசையில் உட்கார வைத்தார். வேலை கேட்டு வருகிறவரின் பாஸ்போர்ட்டை வாங்கு, படத்தைப் பார், முகத்தைப் பார், எண்ணைக் கம்ப்யூட்டரில் போடு. 'வேலை செய்யலாம்' என்று வந்தால் உள்ளே. வராவிட்டால் கேட்டுக்கு வெளியே.

அவர் சொன்னது பலித்துவிட்டது. ஒருவரும் என்னிடம் பொய் சொல்வதில்லை. பேசுவதே இல்லையே, அப்புறம் எங்கே பொய்?

பிப்ரவரி 9, ஞாயிறு

சர்ச்சில் என் வரிசையில் நான் மட்டும். பாட்டு நன்றாக இருந்தது.

பிப்ரவரி 15, சனி

டோரிகா வந்துவிட்டாள்! செத்துப்போன என் ஏரோனியின் தங்கை. மூன்று மாதச் சுற்றுலா விசா. பஸ்ஸை விட்டு இறங்கியதும் என்னைக் கட்டிப்பிடித்து அவள் அண்ணனை நினைத்து ஒரு மூச்சு அழுதாள். உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எளச்சிட்ட அண்ணி. பொய் சொன்னேன், நீ எங்க எளச்ச!" என்றாள். யாராவது என்னைக் கேலி செய்து இப்படித் தொட்டுப் பேசி எத்தனை காலமாயிற்று!

சாயங்காலத்துக்குள் என் ஷாம்பு, என் செருப்பு, என் நீலக் கவுன் எல்லாம் அவளுடையதாகிவிட்டது.

"ஒரு வார்த்த கேட்டு எடுக்க மாட்டியாடி?"

"அண்ணி பொருளுக்கு அனுமதி வேறயா? நான் என்ன அசலா?"

எங்கள் ஊரில் அதுதானே வழக்கம். உறவுக்காரி கேட்டால் இல்லையென்று சொல்லக்கூடாது. நெருங்கிய உறவென்றால் கேட்கவே வேண்டாம். இங்கே இத்தனை வருஷம் இருந்ததில் நான்தான் மறந்துபோனேன் போல.

ஹாலில் விரித்திருக்கும் பாயில்தான் படுப்பேன் என்று அடம்பிடித்துப் படுத்துவிட்டாள். அது அவள் அம்மா பின்னிய தாழம்பாய்.

பிப்ரவரி 26, புதன்

வேலை விட்டு வந்தால் வாசலிலேயே தேங்காய்ப்பாலில் கீரை வேகும் மணம். சட்டி தட்டும் சத்தம். காரை நிறுத்திவிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

சாப்பிடும்போது கேட்டாள். போன புயலில் அவள் வீட்டுக் கூரை போய்விட்டது. இன்னும் தார்ப்பாய்தான். "கொட்டகைல என்னையும் சேத்துவிடேன் அண்ணி. கூரத் தகடுக்குக் காசு சேத்துட்டுப் போயிடுறேன்."

"சுற்றுலா விசாவுல வேல செய்யக் கூடாதுடி. அதப் பாக்குற மேசைலயே நான்தான் உக்காந்திருக்கேன்."

"சரி சரி. நான் கேக்கல, போ," என்று மீன் துண்டை என் தட்டில் வைத்தாள். அதோடு விட்டுவிட்டாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. கேட்டவளுக்கு இல்லையென்று சொன்ன வாய் இது.

மார்ச் 6, வியாழன்

டோரிகா பகலெல்லாம் எங்கோ போகிறாள். "சும்மா சுத்திப் பாக்குறேன்" என்கிறாள். வெயிலில் முகம் கறுத்துக் கிடக்கிறது. வந்து மூன்று வாரத்தில் அவளுக்கு ஊரெல்லாம் சிநேகம். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

மார்ச் 14, வெள்ளி

என் மேசைக்கே வம்பு வந்துவிட்டது.

ராக்கோவின் மைத்துனன் சால், தன் தோட்டத்து ஆட்களின் காகித நகல்களை ஒரு கட்டாக அனுப்பியிருந்தான். அவனுக்கு இதெல்லாம் வராது, நீயே பார்த்துக் கொடு என்றார் ராக்கோ. புரட்டிக்கொண்டே வந்தேன். ஒரு தாளில் என் முகம்.

என் முகம். என் பாஸ்போர்ட். நான் சால் தோட்டத்தில் திராட்சை வெட்டுகிறேனாம்!

ராக்கோ காபியோடு பின்னால் நின்றிருந்தார். "என்ன, சால்கிட்டயும் வேல பாக்குறியா?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பும் நின்றுவிட்டது. காபியைக் கீழே வைத்தார்.

"திருடு போச்சா, குடுத்தியா?"

அந்தத் தாளைக் குப்புறத் திருப்பி வைத்தேன்.

"திருடு போச்சுன்னா உன்மேல தப்பே இல்ல. போலீசுல ஒரு புகார், அவ்வளவுதான். குடுத்தேன்னு சொன்னா, உன்ன இந்த மேசைல எப்படி வெச்சுக்க முடியும்? யோசி. திங்கக்கெழம சொல்லு."

நல்ல மனுஷன். திருடு போச்சு என்று என் வாயிலேயே எடுத்துக் கொடுக்கிறார்.

மார்ச் 15, சனி

கேட்டேன். மறைக்கக்கூட இல்லை, படுபாவி!

"ஆமா அண்ணி, பிஸ்கட் டின்லதான் இருந்துச்சு. அந்தாளு படத்தப் பாத்தான், என்னப் பாத்தான், தலையாட்டிட்டான். நமக்கெல்லாம் ஒரே மூஞ்சின்னு நெனச்சிருப்பான்! வேற தோட்டம்தானே, உனக்கென்ன சங்கடம்?" சிரிப்பு வேறு. பாதிக் கூரைக்குத் தகடு வாங்கியாயிற்றாம்.

எனக்கு வெறி ஏறிடுச்சு. "திருடி! திருட்டு முண்டம்!"ன்னு கத்திட்டேன். இந்த வாயால... அவகிட்ட...

டோரிகா முகத்தில் ரத்தமே இல்லை. "திருட்டா? உன் வீட்லயா?" என்றாள். "இந்தப் பாய் யாருது? கல்யாணம் முடிஞ்சு நீயும் அண்ணனும் கெளம்புறப்ப எங்கம்மா கட்டிலுக்கு அடியிலேருந்து சுருட்டிக்கிட்டுப் போனியே, கேட்டியா? அம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? 'இப்பத்தான்டி அவ நம்ம வீட்டுப் பொண்ணு'ன்னாங்க."

மார்ச் 16, ஞாயிறு

"கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கலாமா?"

"சோப்பு எடுத்துக்கலாமா?"

"வெளக்க அணைக்கட்டுங்களா?"

காலையிலிருந்து இப்படியே. ஒவ்வொன்றுக்கும் அனுமதி கேட்கிறாள். 'நீ' போய் 'நீங்க' வந்துவிட்டது. நீலக் கவுனைத் துவைத்து மடித்து என் கட்டிலில் வைத்திருக்கிறாள். இதற்கு அவள் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம். தனியாக இருந்தபோதுகூட இந்த வீடு இத்தனை வெறிச்சென்று இருந்ததில்லை.

மார்ச் 17, திங்கள்

"என் நாத்தனாருக்கு நான்தான் குடுத்தேன்" என்று சொல்லிவிட்டேன்.

ராக்கோ நாற்காலியை இழுத்து எதிரில் உட்கார்ந்தார். "நெஜமாவா?"

நிஜமில்லைதான். நான் கொடுக்கவில்லை. ஆனால் அவள் திருடவும் இல்லை. அவர் கேட்ட இரண்டில் ஒன்றைத்தானே சொல்ல முடியும்? திருடு போச்சு என்றால் மேசை தங்கும், டோரிகா போலீஸுக்குப் போவாள். அப்புறம் யார் முகத்தில் விழிப்பேன்? அவள் அண்ணன் படம் ஹாலில் மாட்டியிருக்கிறது.

மேசைச் சாவியை வாங்கிக்கொண்டார். "சால் வாயத் தெறக்க மாட்டான், மாட்டுனா அவனுக்கும் அபராதம். அவள சீக்கிரம் ஊருக்கு அனுப்பு" என்றார். சால் வாங்கி வைத்திருந்த என் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தார். கை கொடுத்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. எனக்குத்தான் ஒன்றும் வரவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

வேலை போன விஷயம் அதற்குள் ஊரெல்லாம் தெரிந்துவிட்டது. லோசனா ஒரு சட்டியோடு வந்து நின்றாள். "என்ன இமிக்ரேஷன், மேச போச்சாமே? நல்லதாப் போச்சு. நகரு, சோத்தத் தெற, ஆறுது!" அடுத்த மாதம் ஆரஞ்சு பறிக்க ஆள் எடுக்கிறார்களாம். "பாஸ்போர்ட்ட மறந்துட்டு வந்துடாத, அங்கயும் ஒருத்தி உக்காந்திருக்கா உன்ன மாதிரி." விழுந்து விழுந்து சிரித்தாள்.

டோரிகா சமையலறை வாசலில் நின்று, "நானும் சாப்பிடலாமா?" என்று கேட்டாள். லோசனா அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

மார்ச் 20, வியாழன்

மன்னிப்புக் கேட்கப் பாயில் அவள் முன்னால் உட்கார்ந்தேன். "எதுக்குங்க அதெல்லாம்" என்று எழுந்து போய்விட்டாள்.

மார்ச் 22, சனி

போய்விட்டாள்.

காலையில் லோசனாவின் காரில் பஸ்ஸுக்குப் போனோம். நான் கொல்லைக் கதவைப் பூட்டிவிட்டு அந்தப் பக்கமாகவே சுற்றி வருவதற்குள் மூட்டை முடிச்செல்லாம் பின்னால் ஏற்றியிருந்தார்கள். வழியெல்லாம் லோசனாதான் பேசினாள். பஸ் வந்ததும் டோரிகா, "வர்றேங்க" என்றாள். அவ்வளவுதான். கட்டிப்பிடிக்கவில்லை. பஸ் திரும்பும்வரை நின்றேன், ஜன்னலில் முகம் தெரியவில்லை.

லோசனா சாப்பிடக் கூப்பிட்டாள், போகவில்லை. வீட்டுக்கு வந்து கதவைத் திறந்து செருப்பைக் கழற்றினேன். காலில் தரை சில்லென்று பட்டது.

பாயைக் காணோம்.

ஹால் முழுக்க மொட்டைத் தரை. கட்டிலுக்கு அடியில் பார்த்தேன், கொல்லைக் கொடியில் பார்த்தேன். இல்லை. சுருட்டிக்கொண்டு போய்விட்டாள், கழுதை! என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். சிரிப்பும் வந்தது, இரண்டையும் நிறுத்த முடியவில்லை. அப்புறம் எழுந்து போய் அலமாரியைத் திறந்து பார்த்தேன்.

நீலக் கவுனும் இல்லை. ஆண்டவரே, உமக்கு நன்றி.