மாமாவுக்கு மட்டும் சந்தை நிலவரம்

மார்ச் 4

அன்புள்ள மாமாவுக்கு,

நலம்தானே? அத்தையின் முழங்கால் எப்படி இருக்கிறது? படி ஏறாதீர்கள் என்றால் கேட்கமாட்டார்கள் என்று தெரியும்.

போனில் சொன்னால் உங்களுக்குப் பாதிதான் காதில் விழும், மீதியை நீங்களே இட்டு நிரப்பிக்கொள்வீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். போன வாரம் விவாகரத்துத் தீர்ப்பு வந்துவிட்டது. உங்கள் மகன் சொல்லியிருப்பார். ஜட்ஜ் ஏதோ கேட்டார், இருவரும் தலையாட்டினோம், அவ்வளவுதான். ஒரே லிஃப்டில் இறங்கினோம். "வண்டி கொண்டு வந்திருக்கியா?" என்று கேட்டார். "ம்" என்றேன்.

மாமா, இனிமேல் உங்கள் ஓய்வுக்காலப் பணத்தை எங்கே போடுவது, எப்போது எடுப்பது என்றெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருப்பது முறையாக இருக்காது. அத்தைக்கும் பிடிக்காது. எங்கள் அலுவலகத்தில் பொறுமையான மனிதர் ஒருவர் இருக்கிறார். கொஞ்சம் உரக்கப் பேசுவார், உங்களுக்கு வசதி. அவருடைய முகவரியை இத்துடன் வைத்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
சின்னி


மார்ச் 12

அம்மாடி சின்னிக்கு,

மாமாவின் ஆசிகள். கடிதம் கிடைத்தது. சமையலறை ஜன்னல் கதவு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அந்த முகவரிச் சீட்டை அதன் அடியில் மடித்துச் சொருகிவிட்டேன். இப்போது கதவு ஆடுவதில்லை.

வேலை பார்த்த காலமெல்லாம் பம்ப் ஹவுஸில் மோட்டார் சத்தத்துக்கு நடுவே நின்று காதைத் தொலைத்தவன் நான். உரக்கப் பேசுகிறவர்கள் எனக்கு எதற்கு? கோர்ட் உங்கள் இரண்டு பேரைப் பிரித்திருக்கிறது, சரி. எனக்குச் சம்மன் ஒன்றும் வரவில்லையே.

உன் அத்தையின் கோபம் குறையவில்லை. உன் பேரை எடுத்தால் பாத்திரங்கள் பேசுகின்றன. "அவதானே முதல்ல பெட்டியத் தூக்குனா?" என்று கேட்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். எதிர்வீட்டு ஜெராக்ஸ் கடைக்காரர் ஏதோ பேட்டரி கம்பெனிப் பங்கு வாங்கியிருக்கிறார். "ஒரே வருஷத்துல டபுள் சார், இருக்கறத எல்லாம் இதுல போட்டுட்டுக் கால் மேல கால் போட்டு உக்காருங்க" என்கிறார். சந்தை எப்படி இருக்கிறது? போடலாமா?

மாமா


மார்ச் 20

அன்புள்ள மாமாவுக்கு,

உங்களிடம் ஜெயிக்க முடியுமா?

மாதாமாதம் அலுவலகத்துக்காக நான் எழுதும் சந்தைக் கண்ணோட்டத்தில் இந்த முறை 'எச்சரிக்கையுடன் கூடிய நம்பிக்கை' என்று போட்டிருக்கிறேன். மழை வரலாம், வராமலும் போகலாம் என்பதற்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் அது. உங்களுக்குப் பச்சையாகவே சொல்கிறேன். பங்கு விலைகள் ஏறிய வேகத்தில் கம்பெனிகளின் லாபம் ஏறவில்லை. எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். எனக்கு அதுதான் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

அந்த பேட்டரி கம்பெனி நல்ல கம்பெனிதான். நல்ல வீடு என்பதற்காக இரண்டு மடங்கு விலை கொடுப்பீர்களா? வேண்டாம். வீட்டுச் செலவுக்கு மூன்று வருடத்துக்கு வேண்டியதை பாங்க் டெபாசிட்டில் வைத்துவிடுங்கள். அதை யார் கேட்டாலும் தொடாதீர்கள். மீதி, பெரிய கம்பெனிகள் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வைத்திருக்கும் அந்த ஃபண்டிலேயே இருக்கட்டும். ஒன்று சறுக்கினால் இன்னொன்று தாங்கும். தினமும் விலை பார்க்காதீர்கள்.

முதலில் பெட்டியைத் தூக்கியது நான்தான், மாமா. அத்தை சொல்வது சரி. ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்கள் போல இருந்தோம். ஒருவர் காலி செய்ய வேண்டியிருந்தது.

சின்னி


ஜூலை 18

அம்மாடி,

நீ பயந்தது நடந்துவிட்டது. டிவியில் எல்லாம் சிவப்பாக ஓடுகிறது. ஜெராக்ஸ் கடைக்காரர் என்னைக் கண்டால் ஷட்டரைப் பாதி இறக்கிவிடுகிறார், பாவம். நம் ஃபண்டும் கீழே வந்துவிட்டது. டெபாசிட் போட்டது போட்டபடி இருக்கிறது.

நீ போனபிறகு தனி வீடு பார்த்துப் போன மகன் ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தான். "எல்லாத்தையும் வித்துடுங்கப்பா, இன்னும் விழும்னு எல்லாரும் சொல்றாங்க" என்றான். கொஞ்சம் பொறுக்கலாமே என்று சொல்லி வாய் மூடவில்லை, உன் அத்தை பிடித்துக்கொண்டாள்.

"யாரு சொன்னா பொறுக்கச் சொல்லி? அவளா?"

"ஆமா, அவதான்."

"வீட்ட விட்டுப் போனவ பேச்சுதான் இந்த வீட்டுல நடக்குமா? நாளைக்கு ரெண்டு பேரும் நடுத்தெருவுல நின்னா அவ வந்து சோறு போடுவாளா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விட்டான். உன்னைப் பற்றி அவன் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன்.

எனக்குச் சந்தையைப் பற்றிப் பயம் இல்லை. ஆனால் அவள் சரியாகத் தூங்குவதில்லை, சாப்பாட்டையும் அளைந்துவிட்டு எழுந்துவிடுகிறாள். என்ன செய்யட்டும்? நீ எது சொன்னாலும் சரி.

மாமா


ஜூலை 24

அன்புள்ள மாமாவுக்கு,

எப்போது திரும்ப ஏறும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். உங்களிடம் அப்படி எழுத மனம் வரவில்லை.

ஏறும் என்று நம்புகிறேன். ஃபண்டில் இருக்கும் கம்பெனிகள் நேற்று விற்ற சோப்பையும் சிமெண்டையும் நாளைக்கும் விற்கத்தான் போகின்றன. டெபாசிட் இருப்பதால் நீங்கள் அவசரப்பட வேண்டியதில்லை. கணக்கைக் கேட்டால், விற்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.

ஆனால் அந்தப் பணம் உங்கள் இருவருடையது. அத்தை அந்த வீட்டை எப்படி நடத்தினார்கள் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். கிழிந்த தலையணை உறையைக்கூடப் பையாகத் தைத்துவிடுவார்கள். அப்படிச் சேர்த்தது கண்ணெதிரே கரைந்தால் தூக்கம் எப்படி வரும்? அந்தப் பயத்தைக் கிண்டல் செய்யாதீர்கள், மாமா. பாதியை விற்றுவிடுங்கள். விற்றபிறகு சந்தை ஏறினால் நஷ்டம்தான். அதை நிம்மதிக்குக் கொடுத்த விலை என்று வைத்துக்கொள்ளுங்கள். மனிதர்களால் தாங்க முடியாத திட்டம் நல்ல திட்டமே இல்லை.

அத்தையைக் கேட்டுச் செய்யுங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

சின்னி


ஆகஸ்ட் 3

அம்மாடி,

சொல்ல வேண்டாம் என்றாய். நான் சொல்லவில்லை, வாசித்துக் காட்டிவிட்டேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து கடைசிவரை.

தலையணை உறை வந்த இடத்தில் "அத இன்னொரு தடவ படிங்க" என்றாள். படித்தேன். எழுந்து போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றாள். திரும்பி வந்து, "பாதிய வித்துடுங்க. மீதி அவ சொன்னபடி கெடக்கட்டும்" என்றாள். விற்றாயிற்று.

மறுநாள் காலை நான் எழுப்பித்தான் எழுந்தாள்.

மாமா


நவம்பர் 9

சின்னிக்கு அத்தை எழுதுவது.

மாமனும் மருமகளுமாக நீங்கள் எழுதுவது மாதிரி எனக்கு எழுத வராது. தப்பிருந்தால் கண்டுகொள்ளாதே.

சந்தை ஏறிவிட்டதாம். நான் விற்கச் சொன்ன பாதியில் எவ்வளவு போயிற்று என்று உன் மாமா காகிதத்தில் கணக்குப் போட்டார். பிடுங்கிக் கசக்கிப் போட்டேன். சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

நான் எழுத வந்தது வேறு. அவனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் முடிவாகியிருக்கிறது. அவன் ஆபீஸில் வேலை பார்க்கும் பெண். உன்னிடம் எப்படிச் சொல்வது என்று உன் மாமா ஒரு வாரமாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறார். இதை நீ வேறு யார் வாயாலும் கேட்கக்கூடாது. அதனால் நானே சொல்கிறேன். அழுகை வந்தால் அழுதுவிடு. நான் அழுதேன். கல்யாண வீட்டில் அழக்கூடாது என்று பின்கட்டில் போய் அழுதேன்.

நீ போன அன்றைக்கு வாசல்வரைக்கும்கூட நான் வரவில்லை. உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். அது இருக்கட்டும்.

கல்யாணம் இந்த மாதக் கடைசியில். அதற்கு உன்னைக் கூப்பிட முடியாது. அதற்கு மறுவாரம் வா. காரணம் ஒன்றும் வேண்டாம், சும்மா வா. வீடு வெறிச்சென்று இருக்கும்.

இன்னொன்று. ஊருக்கெல்லாம் வழி சொல்கிறாய். உன் பணத்தை எங்கே போட்டு வைத்திருக்கிறாய்? நீ தனி ஆள். உனக்கு யார் பார்த்துச் சொல்கிறார்கள்? பதில் எழுது.

அத்தை


நவம்பர் 16

அன்புள்ள அத்தைக்கு,

அழுதேன். அலுவலகத்தில் மீட்டிங் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெளியே வந்ததும் பக்கத்து மேஜைக்காரி, "சந்தை அவ்ளோ மோசமா?" என்று கேட்டாள். சிரித்துவிட்டேன். அவர் நன்றாக இருக்கட்டும் அத்தை. மனதாரச் சொல்கிறேன்.

என் பணத்தைப் பற்றி இதுவரை யாருமே கேட்டதில்லை. நீங்கள் கேட்டதால் உண்மையைச் சொல்கிறேன். எங்கேயும் போடவில்லை. தனியாக வந்த நாளிலிருந்து சம்பளம் பாங்கில் அப்படியே கிடக்கிறது. பத்து வருடம் பொறுங்கள், பதினைந்து வருடம் பொறுங்கள் என்று எல்லோருக்கும் எழுதுகிறேன். எனக்கென்று பத்து வருடத்தை நினைத்துப் பார்க்க உட்கார்ந்தால் அதில் யாருமே இல்லை. அதனால் எழுந்துவிடுவேன்.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் உங்களுடையது மாதிரியே ஒரு ஃபண்டில் கணக்கு ஆரம்பித்தேன். மாதாமாதம் போடுகிற தவணைதான், சின்னதாக. எத்தனை வருடத்துக்கு என்று கேட்ட பெண்ணிடம், "இருபது போடுங்க" என்றேன். சொன்னபிறகு எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

கல்யாணத்துக்கு மறுவாரம் வருகிறேன். வெள்ளிக்கிழமை சாயங்கால பஸ்ஸில். ஞாயிறுவரை இருப்பேன்.

சின்னி