குதிரைக் காரின் கூரை எப்படி மடிகிறது, அண்ணா?

ரெக்சினும் தையல் எண்ணெயும் மணக்க மணக்க வீட்டுக்குள் வரும் என் அண்ணனுக்கு,

நீ போன பிறகு மழை ஒரு நாள்கூட விடவில்லை. நாகலூர்ப் பக்கம் மரம் விழுந்து பஸ் நின்றது, பிறகு ஓடியது. ஒண்டிக்கடை முக்கில் நம் குஷன் கடை மட்டும் பூட்டியே கிடந்தது. கடைக்குப் பின்னால் செங்கோடண்ணனின் ஜீப் அப்படியே நிற்கிறது. நீ பாதியில் விட்ட படுதாக் கூரை அதன் மேல் பாதி ஏறியும் பாதி தொங்கியும் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை அப்பா தையல் மிஷினை விற்கப் போகிறார். சேலத்திலிருந்து ஆள் வருகிறார். மிஷின் போனதும் என்னைக் கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கேயே தங்கி வேலை செய்ய வேண்டுமாம். பெரியம்மா மகள் அங்கே இருக்கிறாளாம், துணைக்கு ஆகுமாம். எனக்குத் துணை வேண்டாம் அண்ணா, அந்த மிஷின்தான் வேண்டும். இதை உன்னிடம் சொல்ல முடிகிறது. அப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை.

உனக்குத் தெரியாததா? எட்டாவதில் எழுந்து நின்று படிக்கச் சொன்னபோதெல்லாம் எனக்கு வாய் எழவில்லை. ஒரு நாள் பையைத் தூக்கிக்கொண்டு நேராக நம் கடைக்கு வந்து, துணிக் கட்டுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். நீ திட்டவில்லை. “சும்மா உக்காந்திருக்கறதுக்கு இந்தப் பட்டையத் தெச்சுக் குடு” என்றாய். அன்றிலிருந்து நீ அளவெடுத்து வெட்டினாய், நான் தைத்தேன். முன்னால் நின்று பேசியதெல்லாம் நீதான். இந்த மலையில் ஓடுகிற எத்தனையோ ஜீப்புகளின் படுதாவில் என் தையல் இருக்கிறது. அது ஒருவருக்கும் தெரியாது. நீ போனதும் தைக்கிற ஆள் போய்விட்டான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

குதிரைக் கார் படங்களெல்லாம் கடைக் கதவின் உட்பக்கம் நீ ஒட்டியபடியே இருக்கின்றன. ஓரத்தில் கொஞ்சம் பூஞ்சை பிடித்திருக்கிறது. துடைத்துவிட்டேன்.

பழைய பேப்பர் கடையில் ஹாஸ்டல் பையன்கள் எடைக்குப் போட்ட வெளிநாட்டு கார்ப் புத்தகங்களைக் கிளறித்தானே அவற்றைச் சேர்த்தாய்? அது இத்தாலி கார், மூக்கில் குதிரை பொம்மை, தலைக்கு மேல் திறந்த கார். முதல் படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அம்மா, “குதிரை போட்டிருக்கான், கடிவாளத்தக் காணமே” என்றாள். அப்பாதான் விடவே இல்லை. “இத்தன வெல குடுத்து வாங்கறவன் ஒரு கூரையும் சேத்துப் போட்டு வாங்க மாட்டானா? நம்ம எஸ்டேட் லைன் ஊட்டுக்கே ஓடு இருக்குது” என்று சிரித்தார். அப்பா அப்படிச் சிரித்து நெடுநாளாகிவிட்டது.

படங்களை வரிசையாக ஒட்ட நாம் இருவரும் எவ்வளவு யோசித்தோம். ஒரு காருக்குத் துணிக்கூரை. இன்னொன்றுக்குத் தலைக்கு மேல் மட்டும் கெட்டியாக ஒரு கறுப்பு மூடி. எது முதலில் வந்தது? நாம் துணியைத்தான் முதலில் வைத்தோம். நம் மலையில் அப்படித்தானே? கையில் காசில்லாதபோது ஜீப்புக்குப் படுதா போடுவார்கள். காசு வந்ததும் படுதாவைக் கழற்றி எறிந்துவிட்டுத் தகரக்கூரை அடிப்பார்கள். இத்தாலிக்காரனும் அதையேதான் செய்திருப்பான் என்று நினைத்தோம்.

பிறகு ஒரு நாள் அந்தப் புத்தக அட்டைகளில் இருந்த வருடத்தைப் பார்த்துவிட்டு நீ அசந்து நின்றாய். எல்லாமே தலைகீழாக இருந்தது. நான் தைத்துக்கொண்டிருந்தேன், நீ எல்லாப் படத்தையும் பிய்த்துத் திருப்பி ஒட்டினாய்.

பழையதில்தான் மூடி. தூங்குவது போலக் கண் மூடிய முன்விளக்குகள், வேண்டும்போது மட்டும் மேலே எழும்பும். மூடியைக் கையால் கழற்றி இருக்கைக்குப் பின்னால் செருகிக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு இஞ்சினை மாற்றினார்கள், முகத்தைக் கொஞ்சம் உருண்டையாக்கினார்கள், மூடியை மட்டும் தொடவில்லை. அடுத்து வந்த காருக்குப் பக்கவாட்டில் மீன் செவுள் மாதிரி பட்டை பட்டையாக வெட்டு, பின்விளக்கையும் கறுப்புக் கம்பிக்குள் ஒளித்து வைத்திருந்தான். அதற்கும் முதலில் மூடிதான். கொஞ்ச காலம் கழித்து அதே காருக்கு முழுத் துணிக்கூரை வந்தது, கையால் மடிப்பது. அதற்கும் பின்னால் வந்த காரில் செவுள் போய்விட்டது, பழைய காரின் வட்டப் பின்விளக்குகள் திரும்பி வந்துவிட்டன. துணிக்கூரை பொத்தானை அழுத்தினால் தானே மடிந்தது.

“பாத்தியா செல்வி, அவன் மூடியில ஆரம்பிச்சுப் படுதாவுக்கு வந்திருக்கான். நம்மாளுக படுதாவுல இருந்து தகரத்துக்கு ஓடறாங்க” என்றாய்.

“அப்ப நாமதான் அவனுக்கு முன்னால நிக்கறோம்” என்றேன்.

“மெதுவாச் சொல்லு, அவன் காதுல உழுந்தா நம்மள வேலைக்குக் கூப்புட்டுருவான்” என்று சொல்லி நீ சிரித்த சிரிப்பில் எதிர் டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

அன்றைக்குத்தான் உனக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது. கரடியூரிலிருந்து ஆட்களை ஏற்றிவரும் ஜீப்பை மழை எங்கே பிடிக்கும் என்று சொல்ல முடியாது. டிரைவர் இறங்கி, படுதாவை விரித்து, ஒவ்வொரு கயிறாகக் கட்டி முடிப்பதற்குள் உள்ளே இருக்கிறவர்கள் நனைந்து முடிந்திருப்பார்கள். டிரைவர் உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு பட்டையை இழுத்தால் கூரை வந்துவிட வேண்டும் என்றாய்.

இத்தாலிக்காரன் போன வழியிலேயே நீயும் போனாய். முதலில் ஒரு கரடியூர் டிரைவருக்குப் பலகை மூடி செய்து கொடுத்தாய். “மூடியக் கழட்டி வெச்சா ஆளு எங்கீங்க உக்காருவாங்க? மூடிக்கும் டிக்கெட் போடட்டுங்களா?” என்று அந்த டிரைவர் கேட்டார். அடுத்தது கையால் மடிக்கும் துணிக்கூரை. அதை விரிக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. பட்டையை இழுத்தால் வரும் மூன்றாவதுதான் செங்கோடண்ணனின் ஜீப்பில் பாதியில் நிற்கிறது.

எத்தனை படம் பார்த்தோம் அண்ணா. கூரை மூடியிருக்கும், இல்லாவிட்டால் திறந்திருக்கும். மடிந்துகொண்டிருக்கும்போது எடுத்த படம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கூரையைத் தாங்கும் கம்பி எந்தப் பக்கமாகச் சாய்கிறது, துணி எங்கே சுருங்குகிறது, எல்லாமே நாமாக நினைத்துக்கொண்டதுதான்.

கம்பி வளைத்து வாங்க அன்று காலையில் சேலத்துக்கு வேன் ஏறினாய். கை காட்டினாய். அடுத்து உன்னைப் பார்த்தபோது பாயில் கிடத்தியிருந்தார்கள். திரும்பி வரும்போது மலைப்பாதையில் வேன் கவிழ்ந்துவிட்டது என்று மட்டும் சொன்னார்கள். நடுவில் என்ன நடந்தது? யாரையாவது கூப்பிட்டாயா? வலித்ததா? எனக்கு யாரும் சொல்லவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை.

இந்த வாரத் தொடக்கத்தில் செங்கோடண்ணன் வீட்டுக்கு வந்தார். “ஏனுங் மாமா, வண்டி இப்புடியே நின்னா நான் எதைங்க ஓட்டறது?” என்றார்.

“பையனே போயிட்டான் செங்கோடா. யாரு முடிப்பா? அவுத்து எடுத்துட்டுப் போயிச் சேலத்துல தெச்சுக்க” என்றார் அப்பா.

நான் கதவோரம் வந்து, “நான் முடிச்சுத் தர்றேனுங்க” என்றேன். எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன்.

செங்கோடண்ணன் திரும்பிப் பார்த்தார். “நீயா கண்ணு? இத்தன நாளா கடைக்கு வர்றேன், உனக்குப் பேச்சு வருமுன்னே இன்னிக்குத்தான் தெரியுது.” பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். “சரி, சனிக்கெழம வரைக்கும் பாக்கறேன். அதுக்கு மேல வண்டி நிக்காது சாமி.”

மறுநாள் கடையை நானே திறந்தேன். வேனிலிருந்து எடுத்துக் கொடுத்த உன் கம்பியைப் பூட்டி, பின்பக்கத் துணியைத் தைத்து மாட்டிப் பட்டையை இழுத்தேன். கம்பி பாதி தூரம் வந்து மாட்டிக்கொண்டது, பின் மூலையில் துணி கிழிந்தது. இரட்டைத் தையல் போட்டு இழுத்தேன். மறுபடி கிழிந்தது. துணியைக் குறைத்து வெட்டினேன், அப்போதும் அதே மூலைதான். டீக்கடையிலிருந்து ஒருவர், “அந்தப் புள்ள ஜீப்போட மல்லுக்கட்டுது பாருங்க. ஜீப்புதான் ஜெயிக்கும்போல” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் உள்ளே போய்த் துணிக் கட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். உன் மேல்தான் கோபம். முடியாத ஒன்றை ஏன் என் கையில் விட்டுப் போனாய்? தெரிந்துதான் விட்டாயா?

இன்று வெள்ளிக்கிழமை. காலையில் அந்தக் கடைசிப் படத்தின் அடியில் இருந்த இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படித்தேன். பொத்தானை அழுத்தியதும் முதலில் இருக்கைகள் தாமாக முன்னால் நகரும் என்று அதில் இருக்கிறதே, அதை நீ ஒரு நாள் எனக்கு வாசித்துக் காட்டினாய். “பணக்காரன் வந்தா சீட்டே எந்திரிச்சு வணக்கம் போடுது” என்று சொல்லி அதோடு விட்டுவிட்டோம். அது வணக்கம் இல்லை அண்ணா. கம்பி சுற்றி வர வழிவிடுகிறது. நம் கம்பியும் டிரைவர் சீட்டின் முதுகில்தான் மாட்டுகிறது. நாம் துணியையே வெட்டிக்கொண்டிருந்தோம். சீட்டைப் பற்றி நினைக்கவே இல்லை.

செங்கோடண்ணன் வந்ததும் சீட்டின் போல்ட்டைக் கழற்றிக் கீழே தண்டவாளம் மாதிரி இரண்டு இரும்புப் பட்டை வைக்க வேண்டும் என்றேன்.

“சீட்டு முன்னால வந்தா முட்டி ஸ்டேரிங்குல இடிக்குமே கண்ணு.”

“இழுக்கறப்ப மட்டும் முன்னால வந்தாப் போதுமுங்கண்ணா. கூரை உக்காந்ததும் பின்னால தள்ளிக்கலாமுங்க. அதுக்கு நீங்க கீழ எறங்கவே வேண்டாமுங்க.”

அவர் குனிந்து சீட்டின் போல்ட்டைத் தொட்டுப் பார்த்தார். “நொம்பத் துணிஞ்சுட்ட” என்று சொல்லிவிட்டு வெல்டிங் கடைக்குப் போனார். நாளை காலையில் பட்டை வருகிறது. சரியாக வருமா என்று எனக்குத் தெரியவில்லை. இன்னொரு தடவை கிழிந்தால் தைக்கத் துணி இல்லை. இதுதான் கடைசித் துண்டு.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து அப்பாவிடம், நாளைக்கு முடிந்துவிடும் என்று மட்டும் சொன்னேன். அப்பா என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. “முடிஞ்சாலும் முடியாட்டியும் ஞாயித்துக்கெழம ஆளு வந்துருவாரு சாமி. பொட்டப்புள்ள ரோட்டுக் கடையில ஒத்தையில உக்காந்திருந்தா ஊரு என்ன பேசும்? உங்கண்ணன் இருந்தான், அது வேற” என்றார். அம்மா அடுப்படியில் இருந்தாள். நீ போன பிறகு அவள் தவறி உன் பேரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுகிறாள். திருத்திக்கொள்வதில்லை. நானும் “என்னம்மா” என்று போய் நிற்கிறேன்.

கூரையை முடித்துவிட்டால் மிஷின் தப்பிவிடும் என்று இந்த வாரம் முழுவதும் நம்பினேன் அண்ணா. தப்பாது. ஊசியால் செய்ய முடிந்ததையெல்லாம் செய்துவிட்டேன். மீதி இருப்பது வாயால் செய்ய வேண்டியது. அதற்குத்தான் எனக்கு எப்போதும் நீ இருந்தாய். இனி யாரை முன்னால் நிறுத்துவேன்?

இதுவரை நான் உனக்கு எந்தச் சத்தியமும் செய்து கொடுத்ததில்லை, நீ கேட்டதும் இல்லை. இப்போது ஒன்று தருகிறேன். நாளை அந்தக் கூரை மடிந்தாலும் சரி, கிழிந்தாலும் சரி, ஞாயிற்றுக்கிழமை சேலத்து ஆள் வரும்போது நான் மிஷின் முன்னால் உட்கார்ந்திருப்பேன். இது விற்பதற்கு இல்லை, இதில் தைத்தது எல்லாம் நான்தான் என்று அப்பா முகத்தைப் பார்த்துச் சொல்வேன். அழுதுகூட விடுவேன். ஆனால் எழுந்திருக்க மாட்டேன்.

உன் கூடப் பிறந்த ஒரே தங்கச்சி,
செல்வி